மதுரைப் பக்கம் போர்வெல் கேசிங் பைப்: எது பொருந்தும், எது பொருந்தாது

மதுரையில் பைப் கடையில் போய் "ஏழு இஞ்ச் கேசிங்" என்று கேட்டால் நாலு சரக்கு வெளியே வரும். நீல நிற பி.வி.சி., சாம்பல் நிற விவசாயப் பைப், கறுப்பு இரும்புப் பைப், அதிலேயே விலை குறைந்த செகண்ட்ஸ். நாலுக்கும் பெயர் ஏழு இஞ்ச்தான். அளந்து பார்த்தால் வெளிவிட்டம் ஒன்றில் 177.8 மி.மீ., ஒன்றில் 180, இன்னொன்றில் 200 என்று நிற்கும். உள்விட்டம் சுவர் கனத்தைப் பொறுத்து இன்னும் தாறுமாறாக மாறும். துளை போடும் பிட்டும் மோட்டாரும் போய் வரப்போவது உள்விட்டத்தில். கடையில் பேசப்படுவதோ வெளிவிட்டம். கேசிங்கில் வரும் கோளாறுகளில் பாதி இந்த ஒரு குழப்பத்தில் தொடங்குகிறது. அதனால் இந்த நாலு சரக்கையும் உள்விட்டம், சுவர் கனம், வெளியிலிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கும் திறன் என்ற மூன்றை வைத்தே இங்கே எடை போடுகிறோம். விலை அடுத்தது.

மதுரை மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப் பாறை நிலம். சார்னோக்கைட், நைஸ், மேலூர்ப் பக்கம் கிரானைட். இதன் மேல் மண்ணும் மக்கிய பாறையும் போர்வையாகக் கிடக்கின்றன. கேசிங்கின் வேலை இந்தப் போர்வையைத் தாண்டிக் கட்டிப் பாறைக்குள் கால் ஊன்றி நிற்பது. அதற்குக் கீழே துளை தன் பாறையிலேயே நிற்கும், பைப் வேண்டாம். தண்ணீர் பாறை வெடிப்புகளிலிருந்து வரும்.

போர்வை எல்லா ஊரிலும் ஒன்றல்ல. மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கம் சில இடங்களில் பாறை வெளியே தலைநீட்டி நிற்கும், கேசிங் மிகக் குறைவு. திருமங்கலம், கள்ளிக்குடி, டி.கல்லுப்பட்டிக் கரிசல் மழையில் உப்பிக் கோடையில் சுருங்கும், பைப்பைச் சுற்றி இடைவெளி விழும். சோழவந்தான் வைகைக் கரையில் மணலும் வண்டலும். நகரத்துக்குள் கண்மாயாக இருந்து மனையான இடங்களில் மேலே களிமண், அதன் கீழே மக்கிய பாறை. மானாமதுரை தாண்டிக் கிழக்கே போனால் கதையே வேறு. அங்கே படிவு நிலம், கீழே வரை பைப் வேண்டும், மணல் அடுக்கு வரும் இடத்தில் துளையிட்ட ஸ்க்ரீன் பைப்பும் அதைச் சுற்றிச் சரளையும் வேண்டும். இந்தப் பதிவு கடினப் பாறை நிலத்துக்கானது.

அளவு தேர்வு மேலிருந்து கீழே போகக் கூடாது. கீழேயிருந்து மேலே வர வேண்டும். முதலில் கேட்க வேண்டியது எந்த மோட்டார் இறங்கப்போகிறது என்பது. நாலு இஞ்ச் சப்மெர்சிபிள் பம்பின் விட்டம் சுமார் 100 மி.மீ. நாலரை இஞ்ச் துளை 115 மி.மீ. பக்கத்துக்கு ஏழு எட்டு மில்லிமீட்டர் மிஞ்சும், அதில்தான் கேபிளும் இறங்க வேண்டும். வீட்டுக்கு இது போதும். ஆனால் கல் ஒன்று உதிர்ந்தாலும் மாட்டிக்கொள்ளும் அளவு அது. ஆறரை இஞ்ச் துளை 165 மி.மீ. அதில் நாலு இஞ்ச் பம்ப் தாராளமாக இறங்கும், ஆறு இஞ்ச் மோட்டாரும் இறங்கும்.

துளை 165 என்று முடிவானால், அந்த 165 பிட் கேசிங்குக்குள் உரசாமல் போக வேண்டும். இங்கே கணக்குப் போடுங்கள். 180 மி.மீ. பி.வி.சி., சுவர் 6 மி.மீ. என்றால் உள்விட்டம் 168. இடைவெளி மொத்தமே 3 மி.மீ. இதே பைப்பை "இன்னும் கெட்டியா குடுங்க" என்று 8 மி.மீ. சுவரில் வாங்கினால் உள்விட்டம் 164. புது பிட் இறங்காது. வெளிவிட்டம் மாறாமல் சுவர் தடித்தால் துளைதான் சுருங்கும். இது நிறையப் பேருக்கு போர் போடும் வண்டி வந்து நிற்கும்போதுதான் தெரிகிறது. அப்போது டிரில்லர் தேய்ந்த பழைய பிட்டைப் போட்டு ஒப்பேற்றுவார். 165 என்று காசு வாங்கிய துளை கீழே 160க்கும் குறைவாகப் போயிருக்கும். அதனால் பிட்டை இறக்குவதற்கு முன் அதன் முகத்தை அளக்கச் சொல்வதில் தவறே இல்லை.

எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். மதுரைக்குக் கிழக்கே ராமநாதபுரம் மாவட்டத்தில் பெரியபட்டினம், காஞ்சிரங்குடிப் பக்கம் ஓ.என்.ஜி.சி.யின் எரிவாயு வயல்கள் உள்ளன. அந்தத் தொழிலில் உலகம் முழுக்கப் பழக்கத்தில் உள்ள வரிசை இது: 26 இஞ்ச் துளையில் 20 இஞ்ச் கேசிங், அதன் வழியாக 17½ துளை போட்டு 13⅜ கேசிங், அதன் வழியாக 12¼ துளையில் 9⅝, அதன் வழியாக 8½ துளையில் 7 இஞ்ச். தோண்டுவது மேலிருந்து கீழே. அளவு முடிவாவது கடைசிக் குழாயிலிருந்து மேலே. கேசிங்கை அவர்கள் இஞ்சை மட்டும் சொல்லி வாங்குவதில்லை. அடிக்கு எத்தனை பவுண்டு எடை என்பதும் சேர்த்துத்தான் அளவு. 13⅜ இஞ்ச் பைப் அடிக்கு 68 பவுண்டு என்றால் உள்விட்டம் 12.415 இஞ்ச். அதே பைப் 72 பவுண்டு என்றால் 12.347.

அதோடு டிரிஃப்ட் என்று ஓர் அளவு உண்டு. உள்விட்டத்தைவிடச் சற்றுக் குறைந்த இரும்பு உருளை ஒன்றைப் பைப்புக்குள் கடைசி வரை தள்ளிப் பார்ப்பார்கள். அது தடையின்றிப் போனால்தான் பைப் தேறும். ஏழு இஞ்ச் கேசிங்குக்கு அந்த உருளை உள்விட்டத்தைவிட ⅛ இஞ்ச் குறைவு, நீளம் 6 இஞ்ச். 9⅝ முதல் 13⅜ வரை 5/32 இஞ்ச் குறைவு, நீளம் 12 இஞ்ச். 68 பவுண்டு பைப்பின் டிரிஃப்ட் 12.259, பிட் 12.250. மயிரிழை இடைவெளியில் தேறுகிறது. 72 பவுண்டின் சாதா டிரிஃப்ட் 12.191, அதே பிட்டுக்கு அது போதாது. 12¼ இஞ்சுக்குத் தனியாக டிரிஃப்ட் பார்த்துத் தேறிய பைப்பைத்தான் வாங்க வேண்டும். 180 மி.மீ. பைப்பும் 165 பிட்டும் நம் ஊரில் படும் பாடு அப்படியே இதுதான். அவர்கள் வாங்கும்போதே எழுதிக் கேட்கிறார்கள், நம் ஊரில் கேட்பதில்லை.

அங்கே இரும்பின் தரமும் பைப் மேலேயே இருக்கும். ஏ.பி.ஐ. எனும் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் 5சி.டி. தரத்தில் ஜே55, என்80, பி110 என்று எழுதியிருப்பதில் எண் என்பது நெகிழாமல் தாங்கும் வலிமை, சதுர இஞ்சுக்கு ஆயிரம் பவுண்டுக் கணக்கில். பச்சை, சிவப்பு, வெள்ளை என்று வண்ணப் பட்டையும் உண்டு. எண் கூடினால் எல்லா இடத்துக்கும் நல்லது என்று இல்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு உள்ள கிணற்றில் பி110 விரிசல் விடும், எல்80 போன்ற கடினம் குறைந்த இரும்பு வேண்டும். நம் ஊர் இரும்பு கேசிங்குக்கு உரிய இந்தியத் தரம் ஐ.எஸ். 4270. அதில் எழுதும் 410, 450 என்பவை அறும் வலிமை, மெகாபாஸ்கலில். ஏ.பி.ஐ. எண்ணோடு அதை ஒப்பிட்டுப் பேசுகிறவரை நம்ப வேண்டாம், இரண்டும் வெவ்வேறு அளவுகோல்.

முதலில் கறுப்பு இரும்புப் பைப். உருண்டைக் கல்லும் மண்ணும் கலந்து கிடக்கும் நிலத்துக்கு இதுதான் சரி. ஓடைப் படுகை ஒட்டிய தோட்டங்கள், மலையடிவாரச் சரிவுகள், அழகர்கோவில், வாடிப்பட்டி, பேரையூர் மலையோரம் போன்ற இடங்களில் பி.வி.சி. இறக்கினால் கல் முனையில் இடித்து வாய் பிளக்கும். இரும்பைத் தட்டி இறக்கலாம், சுழற்றி இறக்கலாம். துளை போட்டதும் உடனே சரியும் மண்ணில் பிட்டோடு சேர்ந்து கேசிங்கும் இறங்கும் ஓடெக்ஸ் முறைக்கும் இரும்பு மட்டுமே. வெளி அழுத்தத்தில் நசுங்காமல் நிற்பதிலும் இதன் பக்கத்தில் எதுவும் வர முடியாது. இரும்பின் விறைப்பு பி.வி.சி.யைப் போல சுமார் 70 மடங்கு.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை. ஆறரை இஞ்ச் துளைக்கு "ஆறு இஞ்ச் பைப் போதும்" என்று சொன்னால் நிறுத்துங்கள். ஆறு இஞ்ச் கேசிங்கின் வெளிவிட்டம் 168.3, சுவர் 5 மி.மீ. என்றால் உள்ளே 158.3. பிளம்பிங்குக்கு வரும் ஐ.எஸ். 1239 ஆறு இஞ்ச் மீடியம் பைப் இன்னும் மோசம்: வெளியே 165.1, சுவர் 4.85, உள்ளே 155.4. இரண்டிலும் 165 பிட் போகாது. போகக்கூடியது 177.8 வெளிவிட்டம், சுவர் 5 மி.மீ., உள்ளே 167.8. சுவர் 5.4 ஆனால் 167. அதற்கு மேல் கனம் வேண்டுமானால் 193.7 அல்லது 219.1 என்று அடுத்த அளவுக்குத்தான் ஏற வேண்டும், அதே அளவில் தடிப்பைக் கூட்ட முடியாது.

சுவர் கனத்தை வாயில் மட்டும் அளந்து நம்பாதீர்கள். எடை மேடை பொய் சொல்லாது. வெளிவிட்டத்திலிருந்து சுவரைக் கழித்து, சுவரால் பெருக்கி, 0.02466 ஆல் பெருக்கினால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும், அளவுகள் மில்லிமீட்டரில். 177.8க்கு 5 மி.மீ. சுவர் என்றால் மீட்டருக்கு 21.3 கிலோ, ஆறு மீட்டர் நீளம் சுமார் 128 கிலோ. அதே பைப் 4 மி.மீ. சுவரில் 103 கிலோ. ஒரு நீளத்துக்கு 25 கிலோ வித்தியாசம் கைக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். லோடு மொத்தத்தையும் எடை போட்டு நீளத்தால் வகுத்தாலே போதும்.

செகண்ட்ஸ் பைப்பில் பெரிய ஆபத்து வட்டம் கெட்டிருப்பது. ஒரே வாயில் குறுக்காக இரண்டு திசையில் அளந்து பாருங்கள். 3 மி.மீ. இடைவெளியை நம்பி பிட் இறக்கும் இடத்தில் 2 மி.மீ. கோணல் இருந்தாலே பிட் உரசும், வெல்டிங் தெறித்த இடத்தில் சிக்கும். துரு குழி குழியாகத் தின்ற பழைய பைப்பை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். நெடுக ஓடும் வெல்டிங் தையலை விரலால் தடவிப் பாருங்கள். உள்ளே மேடு தட்டினால் அதுவும் உள்விட்டத்தைத் தின்னும். துரு அந்தத் தையலோரமாகப் பள்ளம் பறிப்பதும் உண்டு.

இரும்பின் பலவீனம் இரண்டு. ஒன்று துரு. தண்ணீர் மட்டம் ஏறி இறங்கும் இடமும் தரையோரமும் முதலில் போகும். உவர் நீர் உள்ள இடத்தில் வேகமாகப் போகும். வெளியே தார்ப் பூச்சு அடித்து இறக்கினால் ஆயுள் கூடும், உள்ளே அடிக்க வழியில்லை. இன்னொன்று இணைப்பு. வண்டி நிற்கும் நேரத்துக்குக் காசு என்பதால் வெல்டிங் அவசரத்தில் நடக்கும். வாயை வி வடிவில் கிரைண்டரில் சாய்க்காமல், நாலு இடத்தில் புள்ளி வைத்து மேலே ஒரு சுற்று இழுத்துவிட்டுப் போவது வழக்கம். 5 மி.மீ. சுவருக்கு இரண்டு சுற்று வேண்டும். முதல் சுற்று வேர் வரை இறங்க வேண்டும், கசடைத் தட்டிவிட்டு இரண்டாவது. இல்லையென்றால் மழைக்காலத்தில் அந்தக் கீறல் வழியே சேறு கசியும், மோட்டார் செம்மண் தண்ணீர் அடிக்கும், பழி ஊற்றின் மேல் விழும். நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு வைத்து இரண்டு பக்கமும் பார்த்த பிறகே முழுச் சுற்று வெல்டிங். ஓர் இணைப்பில் அரை டிகிரி சாய்ந்தாலும் அடுத்த 20 அடியில் இரண்டு இஞ்ச் விலகும்.

அடுத்து நீல பி.வி.சி. இதற்கான தரம் ஐ.எஸ். 12818. மதுரையைச் சுற்றிய வீட்டு போர்களுக்கும் பெரும்பாலான தோட்டங்களுக்கும் எங்கள் தேர்வு இதுவே. துருப்பிடிக்காது, இலேசானது, மரையிட்ட வாய் என்பதால் பசையும் ஆணியும் வேண்டாம். இதில் மூன்று ரகம் உண்டு: சி.எஸ். என்பது 80 மீட்டர் ஆழம் வரை, சி.எம். 80 முதல் 250 மீட்டர் வரை, சி.டி. அதற்கு மேல். இங்கே 80 மீட்டருக்கு மேல் கேசிங் இறங்குவது அபூர்வம். ஆகவே ஆழத்தை மட்டும் பார்த்தால் சி.எஸ். போதும் என்று தோன்றும். ஆனால் நசுங்குவது சுவர் கனத்தின் மும்மடிக் கணக்கில் மாறுகிறது. சுவர் 6 இலிருந்து 8 மி.மீ. ஆனால் தாங்கும் திறன் இரண்டு மடங்கைத் தாண்டும். களிமண்ணும் கரிசலும் உள்ள இடத்தில் சி.எம். வாங்குவதற்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண் போகாது. பாறை மேலேயே இருக்கும் மேலூர்ப் பக்கத்துக்குச் சி.எஸ். தாராளம்.

இந்தத் தரத்தில் ஏழு இஞ்ச் பைப்பின் வெளிவிட்டம் 200 மி.மீ. சி.எஸ். சுவர் சுமார் 7 மி.மீ., சி.எம். சுமார் 9. தடித்த சி.எம்.மிலும் உள்ளே 180க்கு மேல் கிடைக்கும், 165 பிட் நிம்மதியாக இறங்கும். நாலரை இஞ்ச் துளைக்கு இதிலேயே 140 மி.மீ. பைப். சி.எஸ். சுவர் 5 என்றால் உள்ளே 130, 115 பிட்டுக்குப் போதும். 125 மி.மீ. பைப்பை நாலரை துளைக்கு விற்கப் பார்த்தால் மறுத்துவிடுங்கள். சுவர் 5 என்றாலே உள்ளே 115தான், பிட்டும் அதே 115. 200 மி.மீ. பைப்பில் ஒரே சிக்கல் மேல் துளை. இணைப்பு வாய் இன்னும் பருமனாக இருக்கும், 10 இஞ்ச் பிட்டால் மேல் மண்ணைத் தோண்ட வேண்டும். அந்த பிட் வண்டியில் இருக்கிறதா என்று முன்கூட்டியே போனில் கேட்டுவிட வேண்டும். திருச்செங்கோட்டு வண்டிகள் பலவற்றில் எல்லா அளவும் இருக்கும், ஆனால் வந்து நின்றபின் "ஒன்பதுதான் இருக்கு" என்றால் பைப்பை மாற்ற நேரம் இருக்காது. ஃபினோலெக்ஸ், சுப்ரீம், ஆஷிர்வாத் போன்ற கம்பெனிகள் இந்தத் தரத்தில் கேசிங் போடுகின்றன. எதுவானாலும் பைப் மேல் ஐ.எஸ். 12818 என்றும், சி.எஸ். அல்லது சி.எம். என்றும், சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். உரிம எண்ணில் வரும் சி.எம்.மைப் பார்த்துவிட்டு, பைப்பே சி.எம். ரகம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உண்மையா என்று தெரியும்.

மூன்றாவது, சாம்பல் நிற விவசாயப் பைப். ஐ.எஸ். 4985, "ஆறு கிலோ", "எட்டு கிலோ" என்று விற்பது. தண்ணீர் கொண்டுபோகப் போட்ட பைப் இது. ஆறு கிலோ என்பது உள்ளேயிருந்து வெளியே தள்ளும் அழுத்தம், சதுர சென்டிமீட்டருக்கு. கேசிங் தாங்க வேண்டியது வெளியிலிருந்து உள்ளே. 180 மி.மீ., 6 மி.மீ. சுவர் பைப் கணக்குப்படி சுமார் 25 மீட்டர் தண்ணீர் அழுத்தத்திலேயே நசுங்கத் தொடங்கும். வெயிலில் கிடந்து வளைந்த பைப் அதற்கும் முன்பே. அடைமழையில் மண் ஊறி வெளியே தண்ணீர் மேலே நிற்க, கம்ப்ரசர் உள்ளே இருக்கும் தண்ணீரை ஒரே மூச்சில் வெளியேற்றும்போது பைப் இதய வடிவில் உள்ளே மடியும். மோட்டார் கீழே இருக்க மேலே பைப் மடிந்தால் மோட்டாரும் போச்சு, போரும் போச்சு. கேசிங் 50, 60 அடிக்குள் முடியும் இடத்தில், கட்டி மண்ணில், இந்த பைப் வேலை செய்கிறது என்பதும் உண்மை. ஊரெங்கும் இதைத்தான் போடுகிறார்கள். அதற்கு மேல் ஆழத்துக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

இதில் எடை பார்த்து வாங்கும் தந்திரமும் செல்லாது. சுண்ணாம்புத் தூள் அதிகம் கலந்த மட்டமான பி.வி.சி. நல்ல பைப்பைவிடக் கனமாகவே இருக்கும், ஆனால் தட்டினால் சில்லாக உடையும். ஒரு துண்டை அறுத்து மெல்ல நசுக்கிப் பாருங்கள். நல்ல பைப் வெளுத்து வளையும், மட்டமானது விளிம்பில் கீறி நொறுங்கும். இணைக்கும்போது பசை போட்டுவிட்டு நாலு ஸ்க்ரூ முடுக்குவார்கள். ஸ்க்ரூ நீளம் இரண்டு சுவரையும் தாண்டி உள்ளே நீட்டினால் மோட்டார் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் கேபிள் உறை கிழியும். ஷார்ட் ஆகி மோட்டார் எரிந்த பிறகு காரணம் தேடுவார்கள், காரணம் 30 அடியில் இருக்கும். சுவரின் மொத்தக் கனத்துக்கு 1 மி.மீ. குறைவான ஸ்க்ரூ மட்டும் போட வேண்டும்.

எந்த பைப்பானாலும் அதன் மதிப்பு கால் ஊன்றும் இடத்தில் இருக்கிறது. பாறை வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? வெளியே வரும் தூள் செம்பழுப்பிலிருந்து சாம்பலாகும், மண்கட்டி நின்று கூரிய சில்லு வரும், பிட்டை அடிக்கும் ஹேமரின் சத்தம் ஒரே சீராகும், இறங்கும் வேகம் குறையும். நாலும் சேர்ந்து வர வேண்டும். மக்கிய பாறைக்குள் மக்காமல் மிச்சமான பெரிய உருண்டைகள் கிடக்கும். மேலூர்ப் பக்கக் கிரானைட் நிலத்தில் இது சகஜம். அதன் தலையில் கேசிங்கை நிறுத்தினால் ஐந்தாறு அடி கீழே மறுபடி மண் வரும், அது வருஷம் முழுக்க உள்ளே கொட்டும். எனவே பாறை தட்டியபின் இன்னும் ஐந்து முதல் பத்து அடி அதே பெரிய பிட்டில் போய்ப் பார்த்து, மண் வரவில்லை என்று தெரிந்தபின் கேசிங்கை இறக்க வேண்டும். உறுதியான பாறைக்குள் இரண்டு மூன்று அடியாவது பைப் உட்கார வேண்டும். கேசிங்குக்கு அடிக் கணக்கில் தனிக் காசு என்பதால் வீட்டுக்காரர் குறைக்கச் சொல்வார். பைப்பில் இலாபம் வைத்த ஏஜென்ட் கூட்டச் சொல்வார். இரண்டு பேர் பேச்சையும் விட்டுவிட்டு வெளியே வரும் தூளைப் பாருங்கள்.

"மேல்தண்ணியும் சேரட்டும்" என்று கேசிங்கில் ஹாக்சா பிளேடால் கீறல் போடச் சொல்லும் பழக்கம் ஒன்று இருக்கிறது. கடினப் பாறை நிலத்தில் இதைச் செய்யவே கூடாது. அந்தக் கீறல் வழியே முதலில் வருவது சேறு. அண்ணா நகர், கே.கே. நகர் போல வீடுகள் நெருங்கிய இடத்தில் செப்டிக் டேங்க் கசிவும் சேர்ந்து வரும்.

பைப்புக்கும் துளைக்கும் நடுவே உள்ள வளைய இடைவெளியைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை, தோண்டிய மண்ணையே தள்ளிவிட்டுப் போகிறார்கள். எண்ணெய்க் கிணற்றில் இந்த இடைவெளிக்குச் சிமென்ட் இல்லாமல் அடுத்த துளையே தொடங்க மாட்டார்கள். நம் ஊரில் வண்டி ஒரு நாள் காத்திருக்காது, அதனால் நடைமுறைக்கு வரும் வழி இது. கீழ்ப்பகுதியைப் பெண்டோனைட் (தண்ணீரில் உப்பும் களிமண்) அல்லது கொழகொழப்பில்லாத களிமண் உருண்டைகளால் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பிக்கொண்டு வந்து, மேலே 15, 20 அடியை வண்டி போனபின் சிமென்ட் பால் ஊற்றி அடைக்கலாம். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் என்றால் சுமார் 41 லிட்டர் பால் கிடைக்கும். 9 இஞ்ச் துளையில் 180 மி.மீ. பைப் என்றால் இடைவெளி மீட்டருக்குச் சுமார் 15.6 லிட்டர், ஒரு மூட்டை எட்டரை அடிக்கு வரும், 20 அடிக்கு இரண்டரை மூட்டை. அதே பைப் 8 இஞ்ச் துளையில் என்றால் பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான். இணைப்பு வாய் வரும் இடத்தில் பாதியாகும், பால் இறங்காமல் பாதியில் கட்டிக்கொள்ளும். பி.வி.சி. என்றால் சிமென்ட் கெட்டியாகும்போது வரும் சூட்டில் பைப் இளகும். ஒரேயடியாக ஊற்றாமல், ஐந்தாறு அடி ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டு அடுத்த ஐந்தாறு அடி என்று ஊற்றுங்கள், கேசிங்குக்குள் தண்ணீர் நிறைத்து வைத்திருங்கள்.

ஆறரை இஞ்ச் துளைக்கு நாங்கள் திரும்பத் திரும்பச் சாய்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. நாலைந்து வருஷம் கழித்து 300 அடியில் பாறை உதிர்ந்து துளை அடைபட்டால், 165 துளைக்குள் 140 மி.மீ. பைப் ஒன்றை உள்கேசிங்காக இறக்கி மீட்கலாம். அதற்குள் நாலு இஞ்ச் பம்ப் அப்போதும் போகும். எண்ணெய்க் கிணற்றுக்காரர்கள் லைனர் என்று இறக்குவதும் இதே வேலைக்குத்தான். 115 துளையில் இப்படி ஓர் அளவு இழக்க இடமில்லை, புது போர்தான். செலவு வித்தியாசத்தைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேசிங் இறங்கியதும், மோட்டார் போடுவதற்கு முன், டிரிஃப்ட் சோதனையை நம் அளவில் செய்யலாம். நாலு இஞ்ச் பம்ப் போகப்போகிற துளை என்றால் 110 மி.மீ. பி.வி.சி. பைப் பத்து அடி, கீழ்வாயில் கனத்துக்கு இரும்புத் துண்டு வைத்து இறுக்கி, மேலே உறுதியான கயிறு கட்டி இறக்குங்கள். நீளம் முக்கியம். இரண்டடித் துண்டு எந்த வளைவையும் வளைந்து கடந்துவிடும். பத்து அடி நின்றால் மோட்டாரும் அங்கே நிற்கும். நாலரை இஞ்ச் துளைக்கு இந்தத் துண்டு மிக இறுக்கம், பம்பின் விட்டத்துக்கே ஒரு துண்டு தேட வேண்டும். தடை எந்த அடியில் என்று கயிற்றில் முடிச்சுப் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அது கேசிங்குக்குள் என்றால் வண்டி நிற்கும்போதே டிரில்லரிடம் காட்ட வேண்டிய விஷயம்.

பில்லில் "கேசிங் 80 அடி" என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். வெளிவிட்டம், சுவர் கனம், ஐ.எஸ். எண், சி.எஸ். அல்லது சி.எம்., எத்தனை நீளம், மேல் துளை எத்தனை இஞ்ச், எத்தனை அடியில் கட்டிப் பாறை, பாறைக்குள் எத்தனை அடி இறங்கியது என்பவை அதில் இருக்க வேண்டும். பிறகு உள்கேசிங் போடும்போதும் மோட்டார் மாற்றும்போதும் இந்தத் தாள்தான் வழிகாட்டும். மோட்டார் மெக்கானிக் முதலில் கேட்பதும் இதையே.

கடைசியாகத் தலைப்பகுதி. உச்ச நீதிமன்றம் 2010 இல் விதித்த வழிமுறைப்படி கேசிங் வாயை இரும்புத் தகடு வெல்டிங் செய்தோ, போல்ட் நட் போட்டு இறுக்கிய மூடியாலோ அடைக்க வேண்டும். பைப்பைச் சுற்றி 0.50 × 0.50 × 0.60 மீட்டர் சிமென்ட் மேடை வேண்டும், அதில் 0.30 மீட்டர் தரைக்கு மேல், 0.30 மீட்டர் தரைக்குக் கீழ். துளை போட 15 நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. தண்ணீர் வராத போரிலிருந்து கேசிங்கை உருவி வேறு இடத்தில் போடலாம் என்று சில வண்டிக்காரர்கள் சொல்வார்கள். இரும்புப் பைப் என்றால் அது முடியவும் முடியும். ஆனால் பைப்பை உருவிய துளை, வாய் அகன்ற திறந்த குழி. 2019 இல் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஒரு குழந்தையைப் பறிகொடுத்தது கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில்தான். உருவுவதானால் வண்டி கிளம்புமுன் அடியிலிருந்து தரை மட்டம் வரை களிமண், மணல், கல் போட்டு நிரப்பச் சொல்லுங்கள். நிரப்பி முடிக்கும் வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.